பனிக்கணவாயிலே ஷேர்லக் ஹோம்ஸின் ஆசிரியர்

துப்பறிவதில் வல்ல ஷேர்லக் ஹோம்ஸை அறியாத வாசகர் நம்மிடையே மிகச் சிலரே ஆவர். ஆனால், அந்த ஹோம்ஸைப் படைத்த ஆதர் கொனன் டொயில், வெண்பனி மூடிய அல்ப்ஸ் மலைக்கணவாய் ஒன்றை இரண்டு மரப்பிளாச்சுகளின் மேல் நின்று கடந்தவர் என்பதை அறிந்தோர் அத்துணைப் பலர் அல்லர். 1894ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆந் திகதி அது நிகழ்ந்தது. கடந்த தூரமோ பெரிதன்று. சென்ற நேரமும் ஏழு மணித்தியாலமே. எனினும், இன்று இலட்சோபலட்சம் மக்கள் பனிமலைகளை நாடிச் சென்று ஆடும் ஒரு விளையாட்டின் வரலாற்றிலே அந்த ஏழு மணித்தியாலத்துக்குச் சிறப்பான ஓர் இடமுண்டு. அவ்விடம் உண்மையில் யாருக்கு உரியது என்ற வினாவும் உடன் உண்டு.

டொயில் எடின்பரோ நகரிற் பிறந்தவர். மருத்துவம் கற்றுத் தேர்ந்து, நோயாளர் வராத ஓய்வு வேளைகளிலே கதை எழுதத் தலைப்பட்டவர். கற்பனை அவரைத் தூர தேசங்களுக்கெல்லாம் இட்டுச் சென்றது. நமது இலங்கையும் அதற்கு விலக்கன்று; கோப்பிப் பயிர் நோயால் மாண்டபின் மலைநாட்டிலே தேயிலையை நட்டு மீண்டெழுந்தவர்களின் துணிவை 1892இல் எழுதிய சிறுகதை ஒன்றிலே அவர் வியந்து பாராட்டியிருக்கிறார். கதையுலகில் இவ்வாறு புகழ் ஏறிக்கொண்டிருந்த வேளையில், 1893ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இடிமேல் இடியாக வந்தது. ஒக்டோபர் மாதத்தில் தந்தை காலமானார். மனைவி லூயிசாவுக்குச் சயரோகம் கண்டிருப்பதாக மருத்துவர் கூறினர். மிஞ்சிப்போனால் இன்னுஞ் சில மாதங்களே உயிர் தங்கும் என்பது அவர்கள் முடிபு. மருத்துவராகிய கணவருக்கு அந்நோயின் போக்கைப் பிறர் எடுத்துரைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதே ஆண்டு டிசெம்பர் மாதத்து 'ஸ்ராண்ட்' சஞ்சிகையிலே ஹோம்ஸ் றைகன்பாக் அருவியில் வீழ்ந்து மறைந்த கதை வெளியாயிற்று. இலண்டன் வாசகர்கள் ஒரு கற்பனை மனிதனுக்காகத் துயருற்றிருந்த அந்நாட்களிலே, அவனைக் கொன்ற ஆசிரியர் உயிருள்ள ஒருத்தியைக் காக்கும் வழி தேடி அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கொன்றிலே தங்கியிருந்தார்.

அப்பள்ளத்தாக்கின் பெயர் டாவோஸ். சுவிற்சர்லாந்தின் கிழக்குப் புறத்திலே, கிறவுபுண்டன் என்னும் மாநிலத்திலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,100 அடி உயரத்திலே அது கிடக்கிறது. அங்குள்ள குடிகளிடையே சயரோகம் மிக அரிதாகவே காணப்படுவதை, அரசியற் காரணத்தால் ஜேர்மனியை விட்டுவந்து அங்கே மருத்துவம் செய்த அலெக்சாந்தர் ஸ்பெங்லர் என்பவர் கண்டுகொண்டார். 1865ஆம் ஆண்டு பெப்ரவரியிலே நோயாளர் இருவர் நடுக்குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கி நலம் பெற்றனர். அதன்பின் ஐரோப்பாவின் இருமலெல்லாம் டாவோஸை நோக்கிப் புறப்பட்டது எனலாம். 'புதையல் தீவு' எழுதிய றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் அந்நாவலை எழுதி முடித்தது அங்கேதான். தோமஸ் மான் தமது 'மாய மலை' நாவலுக்குக் களமாக்கியதும் அவ்வூரையே. கம்பளிகளாற் சுற்றப்பட்ட நோயாளர் வெளி மாடங்களிலே வரிசை வரிசையாகக் கிடந்து, குளிர்ந்த உலர்ந்த காற்றை உட்கொள்வதே அன்றைய சிகிச்சை. கிருமியைக் கொல்லும் ஸ்றெப்ரோமைசின் மருந்து 1943இலேதான் கண்டறியப்பட்டது. அதற்கு முந்திய எண்பது ஆண்டுக்காலத்திலே காற்றையும் வெயிலையும் காலத்தையும் தவிர வேறு மருந்து அவ்வூரில் இருக்கவில்லை.

நோயாளிக்குக் கிடப்பது சிகிச்சை. உடன் வந்தவனுக்கோ கிடப்பது நரகம். அப்போது டொயிலுக்கு வயது முப்பத்து நான்கு, ஆறடி உயரம், கிறிக்கெற், காற்பந்து, குத்துச்சண்டை யாவற்றிலும் கைதேர்ந்த உடம்பு. காலையில் எழுதுவார், மாலையில் பனியைப் பார்ப்பார். நாற்புறமும் மலைகள். அவற்றினிடையே எங்கே வழி உண்டு, எங்கே பள்ளம் பனியால் மறைந்து கிடக்கிறது, எந்தச் சரிவு எந்நேரத்தில் இடிந்து வரும் என்பன அந்நியராகிய அவருக்குத் தெரியா. குளிர்காலத்தில் அம்மலைகளின் மீது ஏறுவோரும் இல்லை. ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் இடையே பனி கதவடைத்துவிடும். வசந்தத்திலேதான் அக்கதவு திறக்கும்.

அக்கதவைத் திறக்கும் திறவுகோல் நோர்வேயிலே நெடுங்காலமாக இருந்தது. 'ஸ்கீ' என்பது அதன் பெயர். பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். நம்மவர் பிளாச்சு என்பதற்கு மிக அணித்தானது. டொயில் அணிந்தவை எட்டடி நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ளவை. முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுவிலே கால்விரற் பகுதியைப் பிணிக்கும் தோல்வார் இருக்கும். குதிகால் கட்டப்படாமல் எழுந்து தாழும். வெறுங்காலணியுடன் நடப்பவன் அரையளவு புதையும் மென்பனியிலே, உடலின் பாரத்தை அந்நீண்ட பலகைகள் பரப்பிவிடுவதால் மனிதன் மேலேயே மிதந்து செல்வான். 1888இல் நான்சன் என்னும் நோர்வீஜியர் கிறீன்லாந்தின் பனிப்பாலையை இவற்றின் துணைகொண்டு குறுக்கே கடந்தார். அவர் எழுதிய நூல் மொழிபெயர்ப்புகள் மூலம் பரவியபோது, மத்திய ஐரோப்பாவிலே ஆங்காங்கே சிலர் இவ்விசித்திரக் கட்டைகளைத் தேடி வாங்கலாயினர்.

டாவோஸில் அவ்வாறு வாங்கியவர்கள் தொபியாஸ் பிறாங்கர், யொஹான் பிறாங்கர் என்னும் சகோதரர் இருவர். பிரபுக்களல்லர், ஆய்வாளருமல்லர். அவ்வூரிலே தொழில் செய்து பிழைத்த எளிய மனிதர். ஊரார் கண்டால் எள்ளி நகையாடுவர் என்றஞ்சி, இருட்டிய பின்னரே அவர்கள் சறுக்கிப் பழகினர் என்பர். கற்பிக்க ஆசான் இல்லை. விழுவதும் எழுவதுமே பாடம். இவ்வாறு பழகி, 1893ஆம் ஆண்டிலே டாவோஸுக்கும் மலைக்கு அப்பாலுள்ள அறோசாவுக்கும் இடையே நிற்கும் மையன்பெல்டர் பூர்க்கா என்னும் கணவாயை அவர்கள் கடந்தனர். குளிர்காலத்தில் அறோசா செல்ல வேண்டியவர் இரயிலிலே வடக்கே இறங்கி, கூர் நகரத்தைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் வண்டியில் மலையேறவேண்டியிருந்த காலம் அது. குறுக்கு வழியோ பன்னிரண்டு பதினான்கு மைல் மாத்திரமே. அவ்வழியை மார்கழி, தை மாதங்களிலும் திறக்கலாம் என்பதற்கு அச்சகோதரரின் சுவடுகளே முதற்சான்று.

டொயில் இவர்களிடமே பயின்றார். பயிற்சியின் தொடக்கத்தை அவர் பின்னர் எழுதிய விதம் வாய்விட்டுச் சிரிக்கத்தக்கது. பார்வைக்குப் பரம சாதுவாகத் தோன்றும் அப்பலகைகள், காலிற் பூட்டியதும் தமக்கென ஒரு மனம் படைத்தவையாகிவிடுகின்றன. ஒன்று வடக்கே போனால் மற்றது கிழக்கே போகிறது. விழப்போகிறோம் என்று ஆயத்தமாகும்போது விழுவதில்லை. நின்றுவிட்டோம் என்று நிம்மதியடையும்போது பனிக்குள்ளே தலை. தன்னைப் பற்றிப் பெரிதாக எண்ணியிருப்பவனுக்கு இதனினுஞ் சிறந்த மருந்து இல்லை என்பது அவர் கருத்து. மனைவியின் நோய்ப்படுக்கை சில நூறு யார் தொலைவிலிருக்க, அவர் இவ்வாறு நகைச்சுவையோடு எழுதினாரே என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நீண்ட நாள் நோயாளரைப் பராமரித்தவர்கள், வெளியே வந்து ஒரு நாழிகை மூச்சு விடுவதன் அருமையை அறிவார்கள்.

8,000 அடிக்கு மேற்பட்ட யாக்கோப்ஸ்ஹோர்ண் மலையிலே ஏறி இறங்கிப் பழகிய பின்னர், கணவாய்க்கு நாள் குறித்தார்கள். காலை நாலரை மணிக்குப் புறப்பாடு. வானத்திலே நிலவு இருந்தது. நட்சத்திரங்கள் நெருங்கி ஒளிர்ந்தன. பிறவுன்கிர்க் என்னும் கிராமத்தினருகே பெருவழியை விட்டு விலகி மலையேறத் தொடங்கினர். அக்கிராமத்துத் தேவாலயத்தை இன்றும் காணலாம். அதன் பின்சுவர் ஓடத்தின் முன்னணியம்போலக் கூர்மையாக மலையை நோக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து பனிச்சரிவு இடிந்து வந்தால் அக்கூர்முனையில் மோதி இருபுறமும் பிளந்து போகட்டும் என்பதற்காகவாம். அம்மலையில் வாழ்வோர் பனியை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு அச்சுவரிலும் மேலான விளக்கம் வேண்டியதில்லை.

நாலரை மணிக்கு ஏன் புறப்படவேண்டும்? இதனை வாசகர் கேட்பது நியாயமே. மார்ச்சு மாதத்துப் பனி ஒரு நாளிலே இரு வடிவம் எடுப்பது. மேகமற்ற இரவிலே அதன் மேற்பரப்பு வெப்பத்தை வானுக்கு இழந்து, இறுகி, ஓடுபோலாகிறது. சூரியன் ஏறியதும் அவ்வோடு இளகி, நீர் உள்ளே கசிந்து, பனித்துகள்களின் பிணைப்புத் தளர்கிறது. உச்சிப்பொழுதுக்குப் பின் சரிவு முழுவதுமே வழுகி வரக்கூடும். ஆகவே பனி உறங்கும்போதே அதன் மேலே நடந்துவிடவேண்டும். நடுக்குளிர்காலத்தின் ஆபத்து வேறுவகையானது. பழைய பனிக்குள்ளே சீனி போன்ற பிடிப்பற்ற ஒரு படை உண்டாகிவிட்டால், அதன் மேல் விழுந்து இறுகிய புதுப்பனி முழுப் பலகையாகப் பெயர்வதற்கு ஒரு மனிதனின் பாரமே போதும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேதான் பெரும்பாலும் இது நிகழும். சறுக்குவோர் விரும்பி நாடுவதும் அதே சரிவுகளைத்தான். இதனால் மாண்டவர்களிற் பெரும்பாலோர், தம் காலாலோ தம் தோழர் காலாலோ பெயர்த்த பனியிலேயே புதையுண்டவர்கள். புதையுண்டவரை முதற் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அதற்குப்பின் நம்பிக்கை விரைந்து குறையும்.

இந்த அறிவெல்லாம் பிற்காலத்தது. டாவோஸுக்கு மேலே வைஸ்புளூயொக் என்னும் மலைமுகட்டிலே பனியை ஆராய்வதற்கு 1930களிலேதான் ஆய்வுக்கூடம் அமைத்தனர். புதையுண்டவரைக் கண்டறிய உதவும் வானொலிக் கருவி 1960களின் பிற்பகுதியிலே வந்தது. 1894இல் டொயிலுக்கு இருந்த காப்பு, பிறாங்கர் சகோதரரின் கண்களும் கால்களும் மட்டுமே. அவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தவர்களல்லர்; ஆனால் எந்தப் பக்கத்தில் எந்நேரம் வெயில் விழும், எந்த ஓடையின் வழியே ஆண்டுதோறும் பனி இறங்கும் என்பதைச் சிறுவயது முதலே கண்டு வளர்ந்தவர்கள்.

ஏற்றம் பொறுமைக்குச் சோதனை. பலகையின் அடியிலே ஒட்டி, பின்னோக்கி வழுகாமற் காக்கும் தோற்பட்டை இன்று உண்டு; அன்று அவர்களிடம் அது இல்லை. கோணல் மாணலாகக் குறுக்கும் நெடுக்கும் ஏறவேண்டியிருந்தது. ஓரிடத்திலே, இரவின் குளிரில் இறுகிக் கண்ணாடியாய்க் கிடந்த செங்குத்தான சரிவைக் குறுக்கே கடக்க நேர்ந்தது. சரிவின் முடிவிலே பள்ளம். பள்ளத்துக்குள் நீலநிறமான மூட்டம். பலகையின் ஓரம் பனியைக் கவ்வாவிடில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. அவ்விடத்திலே சகோதரர் டொயிலுக்குக் கீழ்ப்புறமாக, அதாவது அவருக்கும் பள்ளத்துக்கும் இடையிலே, தம்மை நிறுத்திக்கொண்டு நடந்தனர். இப்பயணம் பற்றிய செய்திகள் அனைத்திலும் நமது நெஞ்சிலே நிற்பது இதுவே. பாரமான உடம்பு படைத்த அந்த அந்நியர் கால் இடறியிருந்தால், முதலிற் போயிருப்பது கீழ்ப்புறத்தில் நின்றவரின் உயிர். அதனை அவர்கள் அறியாதவர்களல்லர். ஊரிலே பெயர்பெற்ற விருந்தினரை மறுகரை சேர்ப்பதிலே அவர்களுக்கு ஒரு கடமையுணர்ச்சி இருந்தது.

கணவாயின் உச்சி ஏறக்குறைய 8,000 அடி. அதற்கு அப்பால் பூமியின் குணமே மாறிற்று. மெல்லச் சாய்ந்த வெண்பரப்பின் மேலே, காலை அசைக்காமலே அவர்கள் காற்றைப்போல் விரைந்தனர். கண்ணுக்கெட்டிய மட்டும் மனிதச் சுவடு இல்லை. மலையாடும் நரியும் விட்டுச் சென்ற அடித்தடங்கள் மாத்திரம் உண்டு. அந்த மூன்றிலொரு மைல் தூரத்தின் இன்பத்தை டொயில் எழுதியிருப்பதைப் படித்தால், ஏறிய ஏற்றத்தின் களைப்பு முழுவதும் அவருக்கு அங்கே தீர்ந்துவிட்டது என்பது புலனாகும். பறவைக்குரியதை மனிதன் அனுபவிக்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே.

அவ்வின்பமும் நீடிக்கவில்லை. அறோசாவுக்குமேலே சரிவு மிகச் செங்குத்தாயிற்று. நின்று சறுக்க இயலாது. பிறாங்கர் சகோதரர் தம் பலகைகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் அமர்ந்து, குதிகாலைப் பனியிலே ஊன்றித் தடுத்துத் தடுத்து இறங்கினர். டொயிலும் அவ்வாறே கட்டினார். ஆனால் அவர் அமருமுன்னே பலகைகள் அவரை விட்டுப் பிரிந்து மலையடிவாரம் போய்விட்டன. மீதி வழியை அவர் கால்சட்டையின் பின்புறத்தாலேயே கடந்தார். ஹரிஸ் என்னும் கம்பளித்துணி ஒருநாளும் தேயாது என்று உறுதி கூறிய தையற்காரருக்கு, அதன் மாதிரித் துண்டுகள் கணவாயிலிருந்து அறோசாவரை சிதறிக் கிடக்கின்றன என்று பின்னர் அச்சிலே செய்தி அனுப்பினார். அன்று முழுவதும் சுவரோரமாக நிற்பதையே அவர் விரும்பினாராம்.

பதினொன்றரை மணிக்கு அறோசா சேர்ந்தனர். அங்குள்ளோர் இவர்கள் வருவதை அறிந்திருந்தனர். ஆயினும் ஒரு மணிக்கு முன் வந்துசேர முடியாதென்று கணக்கிட்டிருந்தனர். வேடிக்கை பார்க்க அவர்கள் வெளியே திரண்ட நேரத்திலே, டொயில் ஸீஹோவ் ஹோட்டலிலே மதிய போசனத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு டிசெம்பர் மாதத்து 'ஸ்ராண்ட்' இதழிலே, ஹோம்ஸின் மறைவுச் செய்தி வந்து சரியாக ஓராண்டின்பின், இப்பயணக் கட்டுரை வெளிவந்தது. மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் சறுக்குவதற்கென்றே சுவிற்சர்லாந்து வரும் காலம் அணுகும் என்று அதிலே கணித்திருந்தார். கணிப்புத் தவறியது எண்ணிக்கையிலே மாத்திரம், வந்தவர்களோ ஆயிரமாயிரம். 1934இலே டாவோஸின் பொல்கன் சரிவிலே, ஓடும் கம்பியிலே தொங்கும் பிடியைப் பற்றியவாறு சறுக்குவோர் மேலேறும் இயந்திரம் நிறுவப்பட்டது. அதன்பின் ஏறும் துன்பமின்றி இறங்கும் இன்பத்தை மாத்திரம் விலைக்கு வாங்கலாயிற்று. எனினும், கூட்டத்தை விட்டு விலகி, தம் காலாலேயே ஏறி, சுவடற்ற பனியிலே இறங்க விரும்புவோர் இன்றும் பூர்க்காக் கணவாய் வழியே செல்கிறார்கள். அவர்களும் விடியுமுன்னரே புறப்படுகிறார்கள்.

இனி, முதலிலே எழுப்பிய வினா. சுவிற்சர்லாந்துக்குச் சறுக்குக் கலையைக் கொணர்ந்தவர் கொனன் டொயில் என்று கூறுவார் உளர். அது பிழை. 1893 ஜனவரியிலேயே கிறிஸ்தோப் இசெலினும் தோழர்களும் கிளாறுஸ் மாநிலத்திலே பிறாகல் கணவாயைக் கடந்திருந்தனர். டாவோஸிலோ பிறாங்கர் சகோதரர் முந்திக்கொண்டனர். இதனை டொயில் மறைத்தாரா? அந்நாளில் மறைக்கவில்லை. சுவிஸ்காரர் இருவரைத் தவிர்த்தால் தாமே முதல்வர் என்றுதான் அப்போது எழுதினார். அவ்விருவரின் பெயரையும் உலகறியச் செய்தவர் அவரே. ஆனால் முப்பது ஆண்டுகள் சென்று, 1924இல் வெளியிட்ட நினைவுநூலிலே, அம்மாநிலத்துக்கு ஸ்கீயை அறிமுகஞ் செய்த பெருமை தமதே என்று உரிமை பாராட்டுகிறார். அல்லது, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறு பள்ளத்தாக்குக்குச் செல்ல அது பயன்படுமென்று காட்டிய பெருமையாவது தமதென்கிறார். முதுமையிலே நினைவு தன் வசதிக்கேற்ப இடம் மாறிக்கொள்வது இயல்புதான். ஆயினும் அந்தக் கண்ணாடிச் சரிவிலே கீழ்ப்புறம் நின்றவர்கள் யார் என்பதை நோக்கும்போது, 1894ஆம் ஆண்டின் டொயிலையே நாம் நம்ப விரும்புகிறோம்.

லூயிசா, மருத்துவர் குறித்த கெடுவைத் தாண்டிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1906ஆம் ஆண்டு யூலை மாதத்திலே காலமானார். டாவோஸ் காற்றும் அதற்கு உதவியிருக்கலாம்.

நினைவுநூலிலே இன்னொரு சிறு செய்தியும் உண்டு. அறோசா ஹோட்டலின் வருகைப் பதிவேட்டிலே, விருந்தினரின் தொழில் யாதென்று எழுதவேண்டிய இடத்தை டொயிலுக்காக நிரப்பியவர் தொபியாஸ் பிறாங்கர். மருத்துவர் என்று எழுதவில்லை. எழுத்தாளர் என்றும் எழுதவில்லை. 'ஸ்போட்டெஸ்மான்', அதாவது விளையாட்டு வீரர், என்று ஆங்கிலத்தையும் ஜேர்மனையும் கலந்து தமது சொந்த எழுத்துக்கூட்டலிலே பதிந்து வைத்தார். அதனை ஒரு புகழுரையாகவே தாம் ஏற்றுக்கொண்டதாக டொயில் கூறுகிறார். இரயிற் பயணமொன்றிலே தவறிப்போன அவருடைய கோல்ப் மட்டைகள், பின்னர் 'சிறுபிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்' என்ற உத்தியோகச் சீட்டு ஒட்டப்பட்டே திரும்பி வந்தனவாம். அதனோடு ஒப்பிட்டால் தொபியாஸ் எழுதியது எவ்வளவோ மேல் என்பது அவர் தீர்ப்பு.